என் வீட்டின் மேல் முப்பத்து நான்கு புள்ளிகள்

மத்திகிரி,
21.11.2006

அன்பு மகன் எட்சனுக்கு,

அம்மா கிருபாராணி எழுதுகிறேன். நீயும் மருமகள் டெல்சியும் சென்னையில் சுகமாயிருக்க வேண்டும் என்று தினமும் காலையில் ஜெபிக்கிறேன். ஜெபிக்கிற நேரத்தில் உன்மேல் எனக்குக் கோபம் இருப்பதில்லை. மற்ற நேரத்தில் இருக்கிறது. இன்றைக்கு நிறையவே இருக்கிறது. போனில் சொன்னால் பாதியில் துண்டித்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

இங்கே செப்டம்பரிலிருந்து சிக்குன்குனியா காய்ச்சல். வந்தவர்கள் முழங்கால் மடங்காமல், கை விரல் மடங்காமல் குனிந்து நடக்கிறார்கள். மூன்று நாளில் காய்ச்சல் போய்விடுகிறது, வலி மூன்று மாதமானாலும் போவதில்லை. அக்டோபர் முழுக்க ஊரெல்லாம் புகை அடித்தார்கள். தொட்டிகளில் மருந்து ஊற்றினார்கள். இதெல்லாம் நீ பேப்பரில் படித்திருப்பாய் என்று நினைத்திருந்தேன். நீ அதை வைத்து வேலையே செய்துகொண்டிருக்கிறாய் என்று நேற்றுதான் தெரிந்தது.

நேற்று மதியம் சுகாதார ஆய்வாளர் கமலக்கண்ணன் வந்தார். இந்த மாதம் அவர் நம் வீட்டுக்கு வருவது ஆறாவது முறை. நானும் ஆறாவது முறையாக, என் தொட்டியில் ஒரு புழு காட்டுங்கள், நான் இந்த ஊரை விட்டே போகிறேன் என்றேன். அவர் பையிலிருந்து ஒரு பெரிய தாளை எடுத்து நம் சாப்பாட்டு மேசையில் விரித்தார். மத்திகிரி முழுவதும் அதில் இருந்தது. மாட்டுப் பண்ணை, பஸ் நிற்கும் இடம், நம் சர்ச், நம் தெரு, எல்லாம் மேலேயிருந்து பார்த்த மாதிரி. ஒரே தாளில் இரண்டு படம். முதலாவது மருந்து அடிப்பதற்கு முன்பு. அதில் நோயாளி ஒருவருக்கு ஒன்றாகச் சிவப்புப் புள்ளிகள் ஊர் முழுக்கச் சிதறிக் கிடந்தன. இரண்டாவது மருந்து அடித்து முடித்த பிறகு. அதில் ஊர் சுத்தம். ஒரே ஓர் இடத்தில் மட்டும் முப்பத்து நான்கு புள்ளி ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, பெரிய சிவப்புத் திட்டாக நின்றது. அது கதவு எண் 4/117. நம் வீடு.

அவர் கோபக்காரர் இல்லை, களைத்துப்போன மனிதர். "அம்மா, நான் சொன்னா நீங்க நம்பறதில்ல. இது கம்ப்யூட்டர் போட்டது, பொய் சொல்லாதுங்கம்மா. மேல சாட்டிலைட்டுல இருந்தே பாத்துட்டாங்க" என்றார். சாட்டிலைட்டுக்கு என் வீட்டுத் தொட்டிக்குள் புழு நெளிவது தெரிகிறதென்றால், அதற்குப் பக்கத்தில் நான் துவைத்துப் போட்டிருந்த சேலை என்ன நிறம் என்றும் கேட்டுச் சொல்லுங்கள் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை.

படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் நான்கு வரி. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். இந்தத் தெருவுக்கு வரும் கம்பெனிக் கடிதங்களையும் பேங்க் கடிதங்களையும் இருபது வருஷமாக எழுத்துக் கூட்டிப் படித்தே ஆங்கிலம் கற்றவள், உனக்குத் தெரியும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். கொசு ஒழிப்புப் பணி வெற்றி. ஒரு வீடு மட்டும் விலக்கு. வீட்டுக்காரர் ஒத்துழைக்கவில்லை என்று இருந்தது. அதற்கும் கீழே, மூலையில், பொடி எழுத்தில் தயாரித்தவர் பெயர். ஜெ. எட்சன்.

உன் அப்பா ஜெபமணியின் மகன் இல்லாமல் வேறு ஜெ. எட்சன் யாரோ இருக்கலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன். எந்த ஆபீஸ் என்று கமலக்கண்ணனைக் கேட்டேன். கிண்டியில் மேப் போடும் ஆபீஸ் என்று சொன்னார். அது என் மகன் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

உன் படத்தால் இங்கே என்ன நடந்திருக்கிறது என்று கேள். நான்கு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் விடுகிறார்கள். அப்படிப் பிடித்து வைத்த தண்ணீரை மூன்று முறை தொட்டியோடு கவிழ்த்துக் கொட்டிவிட்டுப் போனார்கள். சுற்றுச்சுவரில் சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள், ஆள் உயரத்துக்கு. வீட்டுக்குள் கொண்டுவந்து புகை அடித்ததில் எனக்கு ஒரு வாரம் இருமல். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் பதினேழு வருஷமாக நம் வீட்டில்தான் நடக்கும். போன வாரம் அதை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் பாயை விரித்து வைத்துவிட்டு ஏழரை மணிவரை காத்திருந்தேன். பக்கத்து வீட்டு மாரம்மா குழாயடியில் எல்லார் முன்னாலும், "ஏம்மா, உங்க ஊட்டுக் கொசுவ உங்க ஊட்டோட வச்சிக்கோங்க, எங்க ஊட்டுக்கு அனுப்பாதீங்க" என்கிறாள். அவள் பிள்ளைக்கு வேலை உத்தரவு வந்தபோது அதைப் படித்துச் சொன்னவள் நான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை. வீட்டில் இருப்பது நான் ஒருத்திதான், எனக்கு இல்லை. அப்படியிருக்க முப்பத்து நான்கு நோயாளிகள் எங்கிருந்து வந்தார்கள்? உனக்கு இது தெரியாதா? பின்னால் இருக்கும் லைன் வீடுகளில் எந்த அறைக்காவது கதவு எண் உண்டா? ஓட்டு லைனில் இருபத்தைந்து அறை, சிமெண்ட் சீட் லைனில் முப்பது அறை, மொத்தத்துக்கும் வீட்டுக்காரர் பேரில் ஒரே எண். தபால்காரர் அந்தச் சந்துக்குள் போகமாட்டார். சங்கரன்கோவிலிலிருந்தும் அரூரிலிருந்தும் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குக் கம்பெனியில் சேரும் அன்றே ஒரு முகவரி வேண்டும். உன் அப்பா ஃபிட்டராக இருந்தபோது தன்னோடு வேலை செய்த ஒருவனுக்கு, நம் முகவரியைப் போட்டுக்கொள் என்று சொன்னார். அன்று ஆரம்பித்தது. இன்று அவர்கள் எல்லாருடைய அடையாள அட்டையிலும் 'மே/பா கிருபாராணி அம்மா, 4/117' என்றுதான் இருக்கிறது. காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும்போது அட்டையைத்தான் நீட்டுகிறார்கள். அந்தச் சீட்டு உன் ஆபீசுக்கு வருகிறது. நீ புள்ளி வைக்கிறாய்.

வேறு எவனாவது வைத்திருந்தால் தெரியாமல் செய்தான் என்று விட்டிருப்பேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தக் கடிதங்களை லைன் லைனாகக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நீ. இந்த எண்ணைப் பார்த்ததும் உன் கை ஒரு கணமாவது நின்றிருக்க வேண்டாமா?

டிசம்பர் பன்னிரண்டாம் தேதி கிருஷ்ணகிரியில் கூட்டமாம். இரண்டாம் சுற்று மருந்தை எங்கே அடிப்பது என்று உன் படத்தை வைத்து முடிவு செய்வார்களாம். திட்டைச் சுற்றி நூறு மீட்டர் வட்டம் போட்டு, அதற்குள் மட்டும் அடிப்பார்களாம். பின் லைனில் இப்போதும் வாரத்துக்கு நாலு பேர் புதிதாகப் படுக்கிறார்கள். அங்கே ஒரு சொட்டு மருந்து போகாது. எல்லாம் என் கறிவேப்பிலைச் செடிக்குத்தான். ஆகவே பன்னிரண்டாம் தேதிக்கு முன் அந்தப் படத்தைத் திருத்து. என் பெயருக்காகக் கேட்கவில்லை. அதற்காகவும் கேட்கிறேன்.

டெல்சிக்கு என் அன்பு. அவளுக்கு அனுப்பிய பொடி வந்ததா என்று அவளையாவது ஒரு வரி எழுதச் சொல். கர்த்தர் உன் கண்ணைத் தெளிவாக்கட்டும்.

இப்படிக்கு,
அம்மா


மத்திகிரி,
2.12.2006

மகன் எட்சனுக்கு,

உன் பதில் கிடைத்தது. ஆபீஸ் தாளில் ஏழு வரி. எண்ணிப் பார்த்தேன்.

நோயாளிகள் கொடுத்த முகவரியை வைத்துத்தான் புள்ளி வைக்க முடியும், அதை மாற்ற எனக்கு அதிகாரமில்லை என்று எழுதியிருக்கிறாய். 4/117 நம் வீடு என்று பார்த்ததுமே தெரிந்தது, சொந்த வீடு என்பதற்காக ஒரு புள்ளியை எடுத்தால் நாளைக்கு எந்தப் புள்ளியை யார் நம்புவார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். இந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன். இதில் தப்பில்லை. உன் அப்பாவும் இப்படித்தான் சொல்லியிருப்பார். ஆனால் அதற்கு அடுத்த வரி, "ஊருக்கெல்லாம் முகவரி கொடுக்காதீர்கள் என்று எத்தனை முறை சொன்னேன்" என்பது. அங்கேதான் உன் குரல் கேட்டது. மேலே எழுதியதெல்லாம் உன் ஆபீஸ் குரல்.

நீ ஏன் இந்த வீட்டுக்கு வருவதில்லை என்று எனக்குத் தெரியும். உன் அப்பாவை அடக்கம் செய்து ஐந்தாம் நாள், வீட்டில் ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு பையன் வந்து மணியார்டர் வந்திருக்கிறதா என்று கேட்டான். நான் எழுந்து போய் எடுத்துக் கொடுத்தேன். இது வீடா தபாலாபீசா என்று நீ கத்தினாய். அதற்கு முந்தைய கோபமும் உனக்கு உண்டு. உன் இன்டர்வியூ கடிதம் வேறொருவருடைய பத்திரிகைக் கட்டுக்குள் சிக்கி, தேதி முடிந்து இரண்டு நாள் கழித்து உன் கைக்கு வந்தது. அது என் கவனக்குறைவு. ஏழு வருஷமாக இதை உன்னிடம் நான் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஒரு கடிதம் தவறியது, அது உன்னுடையதாகப் போய்விட்டது. அதற்காக மற்றவர்கள் முகவரி இல்லாமல் இருக்க வேண்டும் என்றால் நான் சம்மதிக்கமாட்டேன். கமலக்கண்ணனும் இதையேதான் சொன்னார். இனிமேல் யாருக்கும் முகவரி கொடுக்கமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் சுவரில் இருக்கும் குறியை அழித்துவிடுகிறாராம். குறி இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

உனக்கு அதிகாரமில்லை என்றால் யாருக்கு இருக்கிறது என்று கமலக்கண்ணனைக் கேட்டேன். "யாருக்கும் இல்லீங்கம்மா. ஒவ்வொரு நோயாளியும் நெசமா எங்க படுத்து எந்திரிக்கிறான்னு லிஸ்ட் இருந்தா பேசலாம். அதுக்கு எனக்கு ஆளு ஏது? அஞ்சு பேர வச்சிக்கினு இருவது ஊரு பாக்கறேன்" என்றார். சரி, ஆள் நான் இருக்கிறேன் என்றேன். அவர் என் காலைப் பார்த்தார். ஆனாலும் ஆஸ்பத்திரிச் சீட்டிலிருந்து முப்பத்து நான்கு பெயரையும் எழுதிக் கொடுத்தார். அவர் கொடுத்தது யாருக்கும் தெரிய வேண்டாம்.

ஐந்து நாள் போனேன். பகலில்தான் போக முடிந்தது, சாயந்தரம் என்றால் பாதிப் பேர் ஷிப்டுக்குப் போய்விடுகிறார்கள். துணைக்கு ரஞ்சிதா வந்தாள். சீட் லைனில் இருக்கும் அரூர்ப் பெண், எலக்ட்ரானிக் போர்டு செய்யும் கம்பெனியில் ஆபரேட்டர். அவளுக்கும் அக்டோபரில் காய்ச்சல் வந்து, இன்னும் இடது கையால்தான் தலை சீவிக்கொள்கிறாள். அதனால் லீவு போட்டிருக்கிறாள். நான் கேட்டேன், அவள் எழுதினாள். எந்த அறை, எந்த ஷிப்டு, எந்த நேரத்தில் தூக்கம், காய்ச்சல் எந்தத் தேதி. முதல் மூன்று கேள்வியும் எனக்கே தோன்றியவை. யாரும் சொல்லித் தரவில்லை.

முப்பத்து நான்கில் மூன்று பேர் காய்ச்சலோடு சொந்த ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். ஐந்து பேர் மாட்டுப் பண்ணைப் பக்கமும் பஸ் ரோட்டிலுமாக அங்கங்கே இருக்கிறார்கள். மீதி இருபத்தாறு பேரும் பின்னால் இருக்கும் அந்த இரண்டு லைனில். நம் வீட்டு வாசலிலிருந்து ஓட்டு லைனின் முதல் அறைக்கு அறுநூற்றுப் பத்து அடி வைத்தேன். என் அடி சின்னது, ஆனாலும் முன்னூறு மீட்டருக்குக் குறையாது. உன் நூறு மீட்டர் வட்டம் அங்கே எட்டாது.

இதைவிட முக்கியமான ஒன்றைக் கேள். அந்த இருபத்தாறு பேரில் இருபத்திரண்டு பேர் நைட் ஷிப்டு. மற்ற நாலு பேர் பகலெல்லாம் வீட்டில் இருக்கும் பெண்கள். பகல் ஷிப்டுக்காரன் ஒருவன்கூட இல்லை. எனக்கு முதலில் புரியவில்லை. ஒரே அறையில் மூன்று பேர் தங்குகிறார்கள், ஒருவனுக்கு வருகிறது, இரண்டு பேருக்கு வருவதில்லை. முத்துமணி என்று சங்கரன்கோவில் பையன், அவன்தான் சொன்னான். "அம்மா, ராத்திரி கொசுன்னா நாங்க எதுக்கு பயப்படப் போறோம், நாங்க மிஷின் பக்கத்துல நிக்கோம். காலைல எட்டு மணிக்கு வந்து படுத்தா அப்பதான் புடுங்குது. வரி போட்ட கொசும்மா, காலைத்தான் பாத்து பாத்து கடிக்கி" என்றான். கமலக்கண்ணனைக் கேட்டேன். இந்தக் கொசு பகலில்தான் கடிக்கும் என்பது அவருக்கு முதலிலேயே தெரியும். ஆனால் புகை அடிப்பது சாயந்தரம் ஆறு மணிக்கு, நைட் ஷிப்டுக்காரர்கள் கிளம்பி, பகல் ஷிப்டுக்காரர்கள் திரும்பாமல் அறையெல்லாம் பூட்டிக் கிடக்கும்போது. பூட்டிய வீடு என்று எழுதிவிட்டு அடுத்த தெருவுக்குப் போயிருக்கிறார்கள். பகலில் தூங்குகிறவர்கள் இருக்கிற ஊரில் இதை யாரும் யோசிக்கவில்லை.

கொசு எங்கேயிருந்து வருகிறது என்பதையும் பார்த்துவிட்டேன். ஓட்டு லைனுக்குப் பின்னால் சுவரை ஒட்டி ஒரு பழைய டயர் கிடங்கு. மலை மாதிரி லாரி டயர், ஒவ்வொன்றுக்குள்ளும் மழைத் தண்ணீர். காவலுக்கு வெங்கடப்பன் என்று ஒரு பெரியவர் இருக்கிறார். மருந்து அடிக்க யாராவது வந்தார்களா என்று கேட்டேன். "யாரு வருவாங்கம்மா இங்க? ஓனரு பெங்களூர்ல கீறாரு. இங்க மனுசன் யாரும் குடியில்ல, நானும் பொழுது எறங்குனா ஊட்டுக்குப் பூடறேன்" என்றார். குச்சியால் ஒரு டயரை அசைத்துக் காட்டினார். தண்ணீர் முழுக்கப் புழு துள்ளியது. எட்சா, உன் படத்தில் அந்த இடம் வெள்ளையாக இருக்கிறது. குடியிருக்க ஆள் இல்லை, ஆகவே நோயாளி இல்லை, ஆகவே புள்ளி இல்லை, ஆகவே மருந்து இல்லை. இதை வெற்றி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய்.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான் ஒரு படம் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். அடி எண்ணி, ஸ்கேல் வைத்துப் போட்டது. உன் படம் போல் அழகாக இல்லை. சர்ச் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு ஆள் இருக்கிறான், நான் அவனோடு பேசியிருக்கிறேன். ரஞ்சிதா எழுதிய பட்டியலும் இருக்கிறது, முப்பத்தொரு பேரின் கையெழுத்தோடு. சொந்த வீட்டுக்காக ஒரு புள்ளியை எடுக்க முடியாது என்றாய். எடுக்க வேண்டாம். அதது எங்கே இருக்க வேண்டுமோ அங்கே கொண்டுபோய் வை. அதுதானே உன் வேலை?

இதையும் நீ தள்ளிவிட்டால், பன்னிரண்டாம் தேதி காலையில் நான் கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறுவேன். கூட்டத்தில் எழுந்து நின்று, இந்தப் படத்தைப் போட்டவன் என் மகன், இதில் தப்பு இருக்கிறது என்று சொல்வேன். சொல்லக்கூடியவள்தான் என்பது உனக்குத் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கடைசி வரியில் எழுதியிருந்தாய். பார்த்துக்கொள்கிறேன். நீயும் பார்த்துக்கொள். உண்மையைச் செய்ய உனக்குத் தைரியம் கிடைக்கட்டும்.

அம்மா


மத்திகிரி,
17.12.2006

அன்பு மகன் எட்சனுக்கு,

கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பார்க்காதே. நான் சொல்லச் சொல்ல ரஞ்சிதா எழுதுகிறாள். வார்த்தை எல்லாம் என்னுடையது. இரண்டு இடத்தில் அவள் மென்மையாக்கப் பார்த்தாள், திருத்தச் சொல்லிவிட்டேன்.

எட்டாம் தேதி உன் ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். நீயும் வருவாய் என்று நினைத்து மூன்று பேருக்குச் சமைத்திருந்தேன். போகட்டும். பிள்ளைகள் நல்லவர்கள். கையில் போன் மாதிரி ஒரு கருவி. ஒவ்வொரு அறை வாசலிலும் வானம் தெரிகிற இடமாகப் பார்த்து அசையாமல் நின்றார்கள். ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டேன். நாலைந்து சாட்டிலைட் கிடைத்தால்தான் இடம் சரியாக விழும் என்றார்கள். ஐம்பத்தைந்து அறை வாசலிலும் நானும் கூடவே நின்றேன். டயர் கிடங்கையும் சுற்றி வந்து குறித்துக்கொண்டார்கள். என் காலண்டர் படத்தைப் பார்த்துவிட்டு ஒருவன், "அம்மா, பன்னெண்டு மீட்டர்தான் வித்தியாசம் வருது" என்றான். எது தப்பு, உன் கருவியா என்று கேட்டேன்.

பன்னிரண்டாம் தேதி நான் கிருஷ்ணகிரிக்குப் போக வேண்டியிருக்கவில்லை. புதுப் படத்தை வைத்துப் பேசினார்கள் என்று கமலக்கண்ணன் வந்து சொன்னார். டயர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள், பதினோரு நடை. இரண்டு லைனிலும் இப்போது காலை பத்து மணிக்குத்தான் மருந்து. தூங்குகிற பையன்களை எழுப்பி, வெளியே நிற்கவைத்து அடிக்கிறார்கள். முத்துமணி வாய்க்கு வந்தபடி திட்டுகிறான். இந்த வாரம் அங்கே புதிதாக ஒருவர்தான். 'வெற்றி' என்ற வார்த்தையைப் புதுப் படத்தில் நீ எடுத்துவிட்டாய் என்று பார்த்தேன். 'மறு ஆய்வு தேவை' என்று போட்டிருக்கிறாய். அதை யார் சொல்லியும் நீ போட்டிருக்க மாட்டாய், உனக்கே தோன்றியிருக்கும்.

சுவரில் இருந்த குறியை கமலக்கண்ணனே சுண்ணாம்பு கொண்டுவந்து அழித்தார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, காபி மட்டும் குடித்தார். மாரம்மா ஒன்றுமே நடக்காத மாதிரி ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து படிக்கச் சொல்கிறாள். ஜெபக்கூட்டத்தைத் திரும்ப நம் வீட்டில் வைக்கலாமா என்று கேட்டு வந்தார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் யோசிக்கவில்லை.

இனி நான் எழுத வந்ததைச் சொல்கிறேன். பதின்மூன்றாம் தேதி விடிந்தபோது எனக்குக் காய்ச்சல். அந்த லைனிலும் கிடங்கிலும் ஆறு பகல் நின்றவளை அந்தக் கொசு விட்டுவைக்குமா? ரஞ்சிதா ஆட்டோவில் கூட்டிப் போனாள். அதேதான் என்றார்கள். காய்ச்சல் நேற்று விட்டுவிட்டது. கை விரல்கள் மட்டும் மடங்கவில்லை, அதனால்தான் இவள் எழுதுகிறாள். இதற்காக நீ பயப்பட வேண்டாம். ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் இருக்கிறார்கள்.

ஆனால் இதைக் கேள். நேற்று கமலக்கண்ணனிடம் இந்த வாரத்துப் படத்தைக் காட்டச் சொன்னேன். நம் வீட்டின் மேல் ஒன்றுமில்லை. சுத்தமாக இருக்கிறது. நான் ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கியிருக்கிறேன், மருந்து வாங்கியிருக்கிறேன், கட்டிலில் கிடக்கிறேன், படத்தில் நான் இல்லை. ஏன் என்று கேட்டால், உன் ஆபீசில் புதிதாக ஒரு விதி போட்டிருக்கிறார்களாம். 4/117 என்று முகவரி வந்தால் அதை நம்பாமல் ஒதுக்கி வைக்க வேண்டும், ஆள் நேரில் போய் வாசலில் நின்று சரிபார்த்த பிறகுதான் புள்ளி வைக்க வேண்டும் என்று. சரிபார்க்க ஜனவரி வரை ஆள் இல்லையாம்.

உன் விதி சரியான விதி. நானே கேட்டு வாங்கிய விதி. ஆனால் முப்பத்து நான்கு பேர் இங்கே இல்லாதபோது அத்தனை பேரையும் என் தலைமேல் வைத்தாய். இப்போது நான் ஒருத்தி உண்மையாகவே இங்கே படுத்திருக்கிறேன், என்னை எடுத்துவிட்டாய். இதை நான் விடமாட்டேன். பொய்யாக ஒரு புள்ளி இருக்கக் கூடாது என்று சண்டை போட்டவள், உண்மையான புள்ளி ஒன்று விட்டுப்போனாலும் சண்டை போடுவேன். அதை எங்கே வைப்பது என்பதில் எனக்கே சந்தேகம் இருக்கிறது. நான் படுப்பது இங்கே, கடிபட்டது அங்கே. அதை நீதான் பார்த்து முடிவு செய்ய வேண்டும், எனக்கு அவ்வளவு தெரியாது.

உன் ஆட்களை அனுப்பாதே. நீ வா. கிறிஸ்மஸுக்கு வா என்று நான் எழுதவில்லை. அப்படி அழைத்து நீ வராமலிருந்த வருஷங்கள் போதும். வேலையாக வா. கருவியை எடுத்துக்கொண்டு வா. வாசலில் வேப்பமரம் வளர்ந்து வானத்தை மறைத்துவிட்டது, ஆகவே சாட்டிலைட் கிடைக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அவசரப்படாமல் நின்று குறித்துக்கொள். உள்ளே வருவதும் வராததும் உன் இஷ்டம். டெல்சியைக் கூட்டி வந்தால் அவள் வெயிலில் நிற்க வேண்டாம், உள்ளே வந்து உட்காரட்டும்.

தானாக ஒரு வரி சேர்த்து எழுதட்டுமா என்று ரஞ்சிதா கேட்கிறாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் இருவரையும் கர்த்தர் வழியில் ஒரு தீங்கும் இல்லாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
அம்மா கிருபாராணி
4/117, மத்திகிரி
(இந்த முகவரியில் உண்மையாகவே குடியிருப்பவள்)